கங்காரு தன் கருவை நிறுத்தி வைக்குமாமே, உண்மையா?

உண்மைதான். உண்டான கரு சாகாமல், வளராமல் அப்படியே காத்திருக்கும். இதைக் கரு உறக்கம் எனலாம்.

ஆஸ்திரேலியாவின் சிவப்புக் கங்காரு சுமார் 33 நாளில் குட்டி போட்டுவிடும். அவரை விதை அளவுதான், ஒரு கிராம்கூடத் தேறாது. கண் திறக்காத அந்தத் துணுக்கு, தாயின் ரோமத்தை முன்னங்கால்களால் பற்றி ஏறி, பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். தாய் ஓரிரு நாளிலேயே மறுபடி இணைசேரும். அந்தப் புதுக் கரு நூறு செல் அளவில் நின்றுவிடும். பைக்குட்டி பால் குடிப்பதால் சுரக்கும் ஹார்மோன்தான் அதைத் தடுக்கிறது. இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைப்பது மாதிரி. வெளியே எடுத்தால்தான் பொங்கும். வறட்சியில் பைக்குட்டி இறந்துபோனால், காத்திருந்தது வளரத் தொடங்கிவிடும்.

அப்புறம், இந்தக் கருவும் வயிற்றுப் பைக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது இருப்பது கருப்பையில்.