எந்த காம்பவுண்ட் வில் வாங்கலாம்? குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

புது மாடல் காம்பவுண்ட் வில் (முனைகளில் கேம் என்ற சுழலும் சக்கரம் வைத்த வில்) வாங்க நினைக்கும் நம் மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றில் சில இங்கே. வில் செட் பண்ணிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நாகர்கோவில்: அண்ணா, அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறான். மேத்யூஸ் லிஃப்ட் 33, ஹோய்ட் ஆல்ஃபா எக்ஸ் 33 இரண்டில் ஒன்று வாங்கி வரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். மேத்யூஸ் நொடிக்கு 343 அடி, ஹோய்ட் 334 அடி என்று போட்டிருக்கிறது. வேகம் கூடினதையே எடுத்துவிடலாமா? என் உயரம் 5 அடி 6 அங்குலம்.

தம்பி, கம்பெனி போடும் அந்த வேகம் 70 பவுண்ட் இழுவை (நாணை இழுக்க வேண்டிய பலம்), 30 அங்குல டிரா லென்த் (நாணைப் பின்னால் இழுக்கும் தூரம்), 350 கிரெயின் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. இரண்டு கையையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 26.5 அங்குலத்தை ஒட்டி வரும். டிரா லென்த்தில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 10 அடி வேகம் போய்விடும். இழுவையும் 55 பவுண்ட்தான் வைக்கப்போகிறீர்கள். அப்படியானால் இரண்டு வில்லுமே உங்கள் கையில் 270, 280 பக்கம்தான் நிற்கும். 9 அடி வித்தியாசத்துக்காக மண்டையை உடைக்காதீர்கள்.

இங்கே பார்க்க வேண்டியது வேறு. கேம் சாய்ந்து அம்பு கோணலாகப் போனால், இந்த இரண்டு மாடலிலுமே வில்லைப் பிரஸ்ஸில் (வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்டி, ஆக்ஸிலை (கேம் சுழலும் அச்சு) கழற்றி, கேமின் பக்கத்தில் இருக்கும் ஸ்பேசர்களை (இடைவெளி வளையங்கள்) மாற்ற வேண்டும். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு கடையில் பிரஸ் இருக்கும். நம் பக்கம் பிரஸ் வைத்திருக்கும் ஆளைத் தேடி எத்தனை பஸ் ஏற வேண்டுமோ! பவ்டெக் என்ற இன்னொரு கம்பெனியின் டெட்லாக் அமைப்பில் ஆலன் கீயால் ஒரு திருகைத் திருப்பினால் கேமே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பிரஸ் தேவையில்லை. இழுப்பதற்கு மேத்யூஸ்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் நாகர்கோவிலில் வைத்துச் சுடப்போகிறவருக்கு பவ்டெக்கைத்தான் சொல்வேன்.

இன்னொன்று: வாரண்டி பொதுவாக முதலில் வாங்கிப் பதிவு செய்தவர் பெயரில்தான் நிற்கும், அதாவது மச்சான் பெயரில். லிம்ப் (வில்லின் வளையும் கை) உடைந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். பில்லையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பிளேடு வைத்த வேட்டை முனைகள் வேண்டவே வேண்டாம்.

மார்த்தாண்டம்: வேட்டை வில்லை வைத்தே போட்டிக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் உலக வில்வித்தை விதிப்படி காம்பவுண்டில் 60 பவுண்டுக்கு மேல் இழுவை கூடாது. 70 பவுண்ட் லிம்ப் வாங்கிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். வேட்டை வில் மரத்துக்கு மேலே உட்கார்ந்து சுட வசதியாக 30, 33 அங்குல நீளத்தில் வரும். போட்டி வில் 36 முதல் 40 வரை. 50 மீட்டரில், 80 சென்டிமீட்டர் இலக்குத் தாளில், 72 அம்பு தகுதிச் சுற்று ஆட வேண்டும். குட்டை வில் கையில் லேசாக அசைந்தாலும் அம்பு தாளில் காட்டிக்கொடுத்துவிடும். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் தங்கம் ஐந்தும் இந்தியாவுக்கே வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது. போட்டிதான் குறி என்றால் முதலிலேயே நீள வில் எடுங்கள்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்துக்குள் மரச்சீனி போட்டிருக்கிறோம், பன்றி விடமாட்டேன் என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுடுகிறார்களே. இந்த வில்லால் அடிக்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை, குறி தப்பினாலும் குற்றம்தான். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுக்கிறார்கள், ஆனால் அங்கேயும் சுடுவது உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர். வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

குளச்சல்: வீடு கடற்கரையில். கார்பன் ரைசர் (வில்லின் நடுவில் பிடிக்கும் பகுதி) வாங்கினால் துரு பிடிக்காதுதானே?

அலுமினிய ரைசருக்கும் மேல் பூச்சு இருக்கிறது, அது சீக்கிரம் கெடாது. உப்புக் காற்று தின்பது ஆக்ஸில் முனையில் இருக்கும் சின்ன கிளிப், திருகுகள், கேம் பேரிங். கார்பன் வில்லிலும் இவை உலோகம்தானே? அதனால் இதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நாணுக்கு மெழுகு போட்டு, வீட்டுக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லைப் போட்டுவிட்டுப் போகவே கூடாது. நாண் நீண்டு, பீப் (நாணில் இருக்கும் பார்வைத் துளை) திரும்பி, செட்டிங் மொத்தமும் மாறிவிடும்.

ஆரல்வாய்மொழி: எங்கள் ஊர்க் காற்றில் எந்தக் கம்பெனி வில் நிற்கும்?

காற்றாலை வைத்த ஊரில் எந்தக் கம்பெனியும் நிற்காது மக்கா! மெல்லிய, கனமான அம்பு எடுங்கள், சைட்டில் (குறி பார்க்கும் கருவியில்) குமிழ் மட்டம் பாருங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுடுங்கள்.

தக்கலை: மகளுக்கு 11 வயது. இரண்டு வருடத்துக்கு ஒரு வில் மாற்ற முடியாது அண்ணா.

பேர் (Bear) கம்பெனியின் க்ரூஸர் ஜி2 அல்லது டயமண்ட் கம்பெனியின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ. இரண்டிலும் இழுவை 5 முதல் 70 பவுண்ட் வரை போகும். டிரா லென்த் க்ரூஸரில் 12 முதல் 30 அங்குலம், டயமண்டில் 13 முதல் 31. பிள்ளை வளர வளர ஆலன் கீயாலேயே கூட்டிக்கொள்ளலாம். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். விட்டால் லிம்பே உடையலாம்.

பூதப்பாண்டி: பழைய ஹோய்ட் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப் ஓரத்தில் மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே சிம்பு கிளம்பியிருக்கிறது, வாங்காதீர்கள். கேம் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், நெளிவு இருக்கக் கூடாது. நாண் பிசிறியிருந்தால் பரவாயில்லை, புது நாண் விலையைக் கழித்துப் பேசுங்கள். கூடவே தரும் கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் காதருகில் பிடித்து லேசாக வளையுங்கள். 'சரக்' என்று சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். வெடிப்புள்ள கார்பன் அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த கையில் ஏறிவிடும்.