பழைய மாருதி 800 காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

முதலில் பேட்டரி. முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவி மாட்டுங்கள். பல நேரம் தொல்லை இதோடு போய்விடும்.

போகவில்லையா, அப்புறம் ஸ்பார்க் பிளக் (என்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி தருவது). 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆக மூன்றே பிளக்தான். என்ஜின் ஆறியபிறகு கழற்றி முனையைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு என்றால் சரி, உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக்குப் பொருந்தாமல் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டுத்தான் கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) போக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் மட்டும் என்ஜினுக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம், அது மெக்கானிக் வேலை (பர்ஸுக்கும் வேலை). ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.