பின்னே போகும் கடிகாரம்

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் பழைய கணினியில் உபுண்டு எனும் இயங்குதளம் உள்ளது. மின்தடைக்குப் பிறகு திகதி பின்னே போய்விடுவதால், இணையத்தளங்கள் திறக்க மறுக்கின்றன. மென்பொருள் புதுப்பிப்பும் நடப்பதில்லை. மீண்டும் நிறுவ வேண்டுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். கணினி அணைந்திருக்கையில் கடிகாரத்தை ஓடவைக்கும், தாய்ப்பலகை எனும் முதன்மைச் சுற்றுப்பலகையிலுள்ள 3 வோல்ற் வட்டப் பற்றரி, பெரும்பாலும் சிஆர் 2032 வகை, தீர்ந்திருக்க வேண்டும். (சுவர்க்கடிகாரத்துக்குப் பற்றரி மாற்றும் நாம் இதை மறந்தேவிடுகிறோம்.) இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களும், புதுப்பிப்புகள் வரும் மென்பொருட் களஞ்சியங்களின் பட்டியல்களும் குறித்ததொரு திகதியிலிருந்தே செல்லுபடியாகும் என்பதால், காலத்தால் பின்தங்கிய கணினிக்கு அவை இன்னும் பிறக்காதவையாகவே தோன்றும். மின்னிணைப்பைக் கழற்றியபின் பற்றரியை மாற்றுங்கள். இணையவழி நேரத்தைத் தானாகச் சீராக்கும் தெரிவும் அணைந்திருக்கக்கூடும். அமைப்புகளில் அதனை இயக்கி, நேர வலயமாகக் கொழும்பைத் தெரிவுசெய்யுங்கள்.