டிராவை யார் ஆடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு பக்கமும் பிழையே இல்லாமல் ஆடினால் சதுரங்கம் டிராவில்தானே முடிந்தாக வேண்டும்? செஸ் ஆடும் கணினி நிரல்களான எஞ்சின்களும் அதைத்தான் காட்டுகின்றன. அப்படிப் பார்த்தால் 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனது, அப்போதைய சாம்பியன் டிங் லிரென் கைதவறியதால் அடித்த அதிர்ஷ்டம்தானே? மகனை செஸ் வகுப்பில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது.

கணேசன்

அன்புள்ள கணேசன்,

‘முடிந்தாக வேண்டும்’ என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. செக்கர்ஸ் என்ற இன்னொரு பலகை ஆட்டம் பிழையில்லாமல் ஆடினால் டிராதான் என்று கனடாவின் ஜோனதன் ஷேஃபர் குழு 2007இல் நிரூபித்தது. சதுரங்கத்தில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் மிஞ்சும் நிலைகள் வரைதான் முழு விடை இருக்கிறது. நாம் ஆட்டத்தைத் தொடங்குவது 32 காய்களோடு. டிராவாகத்தான் இருக்கும் என்று நானும் நம்புகிறேன், அவ்வளவுதான்.

மகனைச் சேர்ப்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஆனால் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சிங்கப்பூரில் நடந்த அந்தப் போட்டியின் கடைசி, 14ஆவது ஆட்டத்தை எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஆளுக்கு 6.5 புள்ளி. கறுப்பில் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிரா நிலைதான். கைகுலுக்கிவிட்டு டைபிரேக்குக்கு, அதாவது சமனை உடைக்கும் வேக ஆட்டங்களுக்குப் போயிருக்கலாம். பையன் போகவில்லை, நகர்த்திக்கொண்டே இருந்தான். அந்த டிராவைக் காப்பாற்றும் பாரம் முழுக்க டிங் தலையில். 55ஆவது நகர்த்தலில் அவரே தன் யானையை வெட்டுக்கு வெட்டு என்று கொண்டுவந்து நிறுத்தினார். யானைகள் போயின. மூலையில் கிடந்த டிங்கின் பிஷப்பையும் குகேஷ் விடவில்லை, தன் பிஷப்பைக் கொடுத்து அதையும் வாங்கினான். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு வழியே இல்லை. அவ்வளவு நேரம் சரியாக ஆடியவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? சும்மா உட்கார்ந்திருந்தவனா?

என் சித்தப்பா ஞாபகம் வருகிறது. கரண்ட் போன இரவுகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் ஆடுவோம். அவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். என்னிடம் ராஜா, யானை. “டிரா சித்தப்பா, புத்தகத்துல போட்டிருக்கு” என்பேன். “புத்தகத்துல இருக்குடா. உன் கையில இருக்கா? ஆடு” என்பார். பத்து நகர்த்தலுக்குள் தோற்றுப்போவேன். அழுகை முட்டும். சித்தி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் கடைசிவரை பிடித்து நிறுத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காய்களை மறுபடி அதே நிலையில் அடுக்கினார், பலகையைத் திருப்பினார். “இப்ப சிப்பாய் உன்னுது. ஜெயிச்சுக் காட்டு.”