‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்றால் என்ன பொருள்?

ஊர்வலங்களில் கேட்கும் ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ எந்த மொழி, என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது உருது முழக்கம். ‘புரட்சி ஓங்குக’ என்று பொருள். ‘ஜிந்தாபாத்’ பாரசீகம்: வாழ்க என்று அர்த்தம். ‘இன்குலாப்’ அரபியிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குத் திருப்பிப் போடுவது, புரட்டுவது என்று பொருள். சரி, நம் ‘புரட்சி’யைப் பாருங்கள்: அதுவும் புரள், புரட்டு என்பதிலிருந்து வந்ததுதான். அடுப்பில் தோசையைப் புரட்டிப் போடுகிறோமே, அதே வினை! இரண்டு சொல்லுக்குள்ளும் ஒரே அசைவு இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த முழக்கத்தை 1921-இல் தந்தவர் உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மோகானி. நாடெங்கும் பரவச் செய்தவர் பகத் சிங். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் அவரும் படுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். அப்புறம் தப்பி ஓடாமல் அங்கேயே நின்று இதைத்தான் முழங்கினார்கள்.