சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். சீனாவில் நீங்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்த நாட்களைப் பற்றி அவ்வப்போது எழுதுவதை விடாமல் படிக்கிறேன். நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் பைக் தவணைக்குமே சரியாகப் போய்விடுகிறது. போன மாதம் ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். சீனாவில் ஒரு மழலையர் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்கிறது, முதலில் பிசினஸ் விசாவில் போய்விடுங்கள், மூன்று மாதத்தில் அங்கேயே வேலை விசாவாக மாற்றிக் கொடுப்பார்கள் என்கிறார். முன்பணம் ஒன்றரை லட்சம், மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம்.

போகலாமா அக்கா? அங்கே ஒரு வெளிநாட்டு ஆசிரியரின் அன்றாடம் உண்மையில் எப்படி இருக்கும்? நம் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்களா? நான் சைவம் வேறு. அம்மாவுக்கு என்னைத் தினமும் வீடியோவில் பார்க்காவிட்டால் தூக்கம் வராது, அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

சீனாவில் வேலைக்குப் போகிறவருக்கு உரியது இசட் விசா. அது கிடைக்கும் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை எடுக்கிற பள்ளிக்கூடம்தான் முதலில் அங்குள்ள அரசு அலுவலகத்தில் உங்கள் சான்றிதழ்களைக் கொடுத்து வேலை அனுமதி அறிவிப்பு என்ற கடிதத்தை வாங்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் நீங்கள் இந்தியாவில் விசா எடுக்க வேண்டும், போய் இறங்கி 30 நாளுக்குள் அங்கே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் முகவர் இதைத் தலைகீழாக்கிச் சொல்கிறார். பிசினஸ் விசாவில் போய் வகுப்பில் நின்றால் அது சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், பாரதூரமானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் தடுப்புக் காவலும் சேரும். நாட்டை விட்டு அனுப்பவும் முடியும்.

அபராதத்தை விட எனக்குப் பயம் வேறொன்றில். விசா சரியில்லாத ஆசிரியர் யாரிடமும் முறையிட முடியாது. சம்பளத்தை இரண்டு மாதம் இழுத்தடித்தாலும், ஞாயிறும் வேலை செய் என்றாலும், தங்க இடம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு நான்கு பேரை ஒரு அறையில் போட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஏனென்றால் முறையிடப் போனால் முதலில் மாட்டுவது அவர்தான். வேலைக்கு வைத்தவர்களுக்கும் அது தெரியும். இப்படி அகப்பட்டுக்கொண்ட ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணை நான் அறிவேன், நல்ல ஆசிரியை, பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்பார்கள். கடைசியில் வரவேண்டிய சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். அந்த இடத்தில் உங்களை நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. மொழி கற்பிக்க வருகிற வெளிநாட்டவர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. ஆங்கிலத்துக்கு அதை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் போனது கனடியக் கடவுச்சீட்டில். யாழ்ப்பாணத்தில் பிறந்து பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள் நான். ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் கல்வியியல் பட்டமும் வைத்திருக்கிற உங்களை விட அந்த வேலைக்கு எந்த வகையிலும் தகுதி கூடியவள் இல்லை. இது அநியாயம். ஆனால் விதி அப்படி இருக்கிறது, அது இல்லாதது போல உங்களிடம் கதைக்க நான் தயாரில்லை. மாகாணத்துக்கு மாகாணம் நடைமுறை கொஞ்சம் மாறும், விதிவிலக்குகளும் உண்டு. அதனால் முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பெயரில் வேலை அனுமதி அறிவிப்பு வாங்கித் தருவார்களா? தந்தால் யோசிக்கலாம். தராவிட்டால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை என்றுதான் அர்த்தம்.

மழலையர் பள்ளி என்கிறாரே, அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. சீனாவில் 2016இல் 1 கோடியே 78 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன, 2023இல் 90 லட்சம். பிள்ளைகள் இல்லாமல் மழலையர் பள்ளிகள் மூடப்பட்டு வருகின்றன. அத்தோடு 2021 ஜூலையில் அரசு கொண்டுவந்த ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கை, வீட்டுப்பாடச் சுமையையும் தனியார் வகுப்புகளையும் ஒன்றாகக் குறைப்பதற்கானது, ஆங்கிலத் தனியார் வகுப்புகள் என்ற பெரிய தொழிலையே சாய்த்துவிட்டது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது, சனி ஞாயிறிலும் விடுமுறையிலும் நடத்தக் கூடாது, வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையம் வழியாகக் கற்பிக்கிறவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. நியூ ஓரியண்டல் 1993இல் தொடங்கிய நிறுவனம், நாட்டின் மிகப் பெரிய டியூஷன் நிறுவனங்களில் ஒன்று, அதுவே 60,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அங்கே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த டோங் யூஹுய் என்ற ஆசிரியர் 2022இல் நேரலையில் அரிசியும் இறைச்சியும் விற்றபடி நடுநடுவே ஆங்கிலச் சொற்களை விளக்கி நாடு முழுக்கப் பிரபலமானார். அவர் பிழைத்துக்கொண்டார். மற்ற ஆயிரக்கணக்கானவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் யாரோ சீனாவில் சம்பாதித்த கதையைக் கேட்டு இன்று கிளம்ப முடியாது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

சரி, நீங்கள் கேட்ட அன்றாடத்துக்கு வருகிறேன். நான் இருந்தது ஹூனான் மாகாணத்தில், அதன் தலைநகர் சாங்ஷாவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு நகரத்தின் அரசு மேல்நிலைப் பள்ளியில். வளாகத்துக்குள்ளேயே ஆசிரியர் குடியிருப்பில் வீடு தந்தார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகள் வகுப்பில் உரக்கப் படிக்கிற சத்தம் கேட்கும். பத்து மணி வாக்கில் பள்ளிக்கூடம் முழுவதும் மைதானத்துக்கு இறங்கி உடற்பயிற்சி செய்யும், ஒலிபெருக்கியில் இசை வந்ததும் எல்லோரும் கண்ணை மூடி முகத்தை அழுத்திக் கண் பயிற்சி செய்வார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே தலைவைத்து நித்திரை கொள்வார்கள், சாயந்தரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வகுப்புக்கு வந்து இரவு பத்து வரைக்கும் படிப்பார்கள். இந்த நாளுக்கு நடுவே நாற்பது நிமிடம் வெளிநாட்டு ரீச்சருக்கு.

ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு தடவைதான் நாம் போவோம், எல்லாப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டு ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் நினைக்கும், ஆகவே ஒரு ஆண்டின் பிள்ளைகள் அத்தனை பேரும் உங்கள் மாணவர்கள், ஒருவர் பெயரும் மனதில் நிற்பதற்குள் பருவம் முடிந்துவிடும். மேல்நிலை மூன்றாம் ஆண்டுக்கு உங்களை அனுப்பவே மாட்டார்கள். ஏனென்று கேட்டால் பதில் ஒன்றுதான், காவ்காவ். ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்டோங் போன்ற சில இடங்களில் ஆங்கிலம் கதைக்கவும் மதிப்பெண் உண்டு, ஹூனானில் கிடையாது. நம்மிடம் தருவதோ கதைக்கப் பழக்குகிற வகுப்பு, ஆக நீங்கள் கற்பிக்கிற எதற்கும் மதிப்பெண் இல்லை. இதைப் பிள்ளைகள் முதல் நாளிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். பின்வரிசையில் கணிதப் பயிற்சித் தாள் நடக்கும், நடுவரிசையில் ஒருவன் தூங்குவான். அவன் மேல் கோபப்படாதீர்கள், முந்தின இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் படுத்திருப்பான். மாதத் தேர்வு வந்தால் உங்கள் வகுப்பை எடுத்துவிடுவார்கள், உங்களுக்குச் சொல்ல மறந்தும் போவார்கள், நீங்கள் போய் நிற்கும்போது உள்ளே அமைதியாகத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். நீண்ட விடுமுறைக்கு முன்னோ பின்னோ ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கி வேறொரு நாளின் கால அட்டவணையை நடத்துவது அங்கே வழக்கம், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால் கசந்துபோன வெளிநாட்டு ஆசிரியர்களைக் கனக்கப் பார்த்தேன். நம்மை அலங்காரத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பள்ளியின் விளம்பரப் பலகையில் நம் படம் இருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த வாரம் முழுவதிலும் தப்பாகச் சொன்னாலும் மதிப்பெண் போகாத ஒரே வகுப்பு நம்முடையது. வாயைத் திறக்கப் பயந்த ஒரு பிள்ளை அங்கேதான் திறக்கும். அது போதுமான வேலை என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஒரே நிபந்தனை, பிள்ளைக்கு உண்மையிலேயே கேட்க வேண்டியதோ சொல்ல வேண்டியதோ ஏதாவது இருக்க வேண்டும். ‘உன் பொழுதுபோக்கு என்ன’ என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கிற வரியைத்தான் ஒப்பிப்பார்கள்.

எனக்கு மிகப் பிடித்த பாடம் இலங்கையின் காலி நகரக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் தேதி போட்ட கல், ஜெங் ஹே என்ற சீனக் கடற்தளபதி இலங்கைக்குக் கொண்டுவந்தது, 1911இல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. ஜெங் ஹேயை அந்தப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தார்கள். அவருடைய கல்லில் தங்கள் ரீச்சரின் மொழியும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. படத்தைத் திரையில் போட்டதும் முன்வரிசை எழுந்து கிட்ட வந்துவிட்டது. தேய்ந்த எழுத்துகளைத் தங்களுக்குள் வாசித்துப் பார்த்தார்கள். அப்புறம் வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை, உடைந்த ஆங்கிலத்தில், இலங்கையில் சிங்களம்தானே அதிகம், பிறகு ஏன் தமிழ் என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்தவர்களிடையே தமிழ் புழங்கியது, சீனாவிலேயே சுவான்ஜோவ் துறைமுகத்தில் 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்று சொன்னேன். மணி அடித்த பிறகும் ஐந்தாறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்குள்ள சீன ஆங்கில ஆசிரியர்களை மறக்காதீர்கள். உண்மையான பாரத்தைச் சுமப்பவர்கள் அவர்கள். இலக்கணமும் தேர்வு முடிவும் அவர்கள் தலையில், இரவுப் படிப்பு நேரத்திலும் அவர்கள்தான் இருக்க வேண்டும், அதில் வகுப்புப் பொறுப்பாசிரியராக இருப்பவருக்குப் பெற்றோர் இரவில்கூட வீசாட் என்ற சீனச் செயலியில் செய்தி அனுப்புவார்கள். அவர்களுடைய உச்சரிப்பை மாணவர் முன்னால் திருத்துகிற வெளிநாட்டவரைப் பார்த்திருக்கிறேன். அதைப் போலக் கேடு வேறில்லை.

நிறம். பிள்ளைகள் கேட்பார்கள், எந்த நாடு, ஏன் இந்த நிறம், ஆமிர் கானைத் தெரியுமா என்றெல்லாம். அது வெறும் ஆர்வம், சில வாரத்தில் அடங்கிவிடும். தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அதற்குமேல் ஒருவரும் எனக்குத் தீங்கு செய்ததில்லை. வேலை தருகிறவர்கள் விஷயம் வேறு. முதலில் புகைப்படம் கேட்பார்கள். ஒரு தனியார் பயிற்சி நிலையம் தொலைபேசியில் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டு, படத்தைப் பார்த்ததும் பெற்றோர் வெள்ளைக்கார முகத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நேரடியாகவே எழுதியது. அதே வேலைக்குக் கறுப்பின ஆசிரியர்களுக்குக் குறைந்த சம்பளம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இது பாகுபாடுதான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் இது குறைவாக இருந்தது என்பது என் அனுபவம்.

சாப்பாடு. ஹூனான்காரர் நம்மைவிட உறைப்புச் சாப்பிடுவார்கள், சோறும் அரிசி நூடுல்ஸும்தான் பிரதானம், ஆகவே நாக்குக்குப் பிரச்சினை இல்லை. மரக்கறிக்காரருக்குத்தான் சிரமம். பயற்றங்காயிலும் டோஃபுவிலும் கொத்திய பன்றி இறைச்சி கொஞ்சம் தூவியிருக்கும், பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்றால் பெரிய துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். வீட்டில் சமையுங்கள், வெளியே சாப்பிட பௌத்தக் கோவில்களை ஒட்டிய சைவச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். குளிருக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும்: சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கேதான் அரசு வெப்பமூட்டும் வசதி செய்திருக்கிறது, ஹூனான் அதற்குத் தெற்கே. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கனத்த கோட்டோடு பாடம் நடத்துவோம்.

அம்மாவின் விஷயத்தைக் கடைசியாக வைத்தேன், அது சின்ன விஷயம் இல்லை. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எல்லாம் முடக்கம். அங்கே வாடகை கட்டுவதிலிருந்து தலைமையாசிரியரின் அறிவிப்பு வரை எல்லாம் வீசாட்டில்தான், அந்த வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. ஆக இந்த இரண்டில் எதுவும் இரண்டு பக்கமும் வேலை செய்யாது. உங்கள் இருவரிடமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைமில் கதைக்கலாம். இல்லையென்றால் முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் வேண்டும், அது நல்லா வேலை செய்கிற நாளும் உண்டு, முக்கியமான நாட்களில் அறுந்துபோவதும் உண்டு. எங்கே போனாலும், கிளம்புவதற்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து இதைக் கதைத்து, தினமும் முடியாது, வாரத்தில் இன்ன இன்ன நாள் என்று ஒத்துக்கொண்டு போங்கள்.

முகவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள் தம்பி. ஒப்பந்தம் என்று ஏதாவது தாள் தந்திருந்தால் அதையும் அனுப்புங்கள், சீன மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் காட்டி வாசித்துச் சொல்கிறேன்.