பீரங்கியும் கணக்குப்பிள்ளையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கணினியில் போர் விளையாட்டுகள் ஆடி ஆடி, இடைக்கால ஐரோப்பியப் போர்கள்மேல் பித்துப் பிடித்துவிட்டது. அங்கவடி (குதிரைச் சேணத்தில் தொங்கும் கால்வளையம்), ஆங்கிலேயரின் நெடுவில், பீரங்கி – இந்த மூன்றில் போர்முறையை அதிகம் மாற்றியது எது? பீரங்கி வந்ததோடு கவசக் குதிரைவீரர்களான நைட்டுகள் ஒழிந்தார்கள் என்கிறான் நண்பன். சரிதானா? போரை இப்படி ரசிப்பது தவறோ என்றும் சிலசமயம் தோன்றுகிறது. நான் பார்த்த காணொளிகளின் சுட்டிகளை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

தவறெல்லாம் இல்லை. உங்கள் வயதில் நானும் நோட்டின் பின்பக்கமெல்லாம் வாளும் கேடயமுமாகக் கிறுக்கியவன்தான். ஆனால் இத்தனை சுட்டி அனுப்பியவர் ஒரு புத்தகத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லையே, அதற்குத் திட்டத்தான் வேண்டும். அம்பு கவசத்தைத் துளைக்குமா என்று அரைமணி நேரம் சோதிக்கிறார்கள். அந்த அம்பை விட்டவனுக்குச் சம்பளம் வந்ததா என்று ஒருத்தராவது கேட்கிறாரா? நான் கொஞ்ச நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கவடியை விட்டுவிடுங்கள். அது ஒன்றே நிலப்பிரபுத்துவத்தை உண்டாக்கியது என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள், இப்போது அப்படியே ஏற்பவர்கள் குறைவு. நெடுவில் 1346இல் பிரான்ஸில் நடந்த கிரெஸிப் போரில் சாதித்தது உண்மை. ஆனால் இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்டின் படையில் குதிரை வைத்திருந்த வில்லாளிக்கு நாள் கூலி 6 பென்னி, கவச வீரனுக்கு 12, நைட்டுக்கு 24. பழைய வழக்கப்படி நிலம் பெற்றவன் வருடத்தில் 40 நாள் பிரபுவுக்காகச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கடல் தாண்டி மாதக்கணக்கில் சண்டை போட அது ஆகாது, காசு வேண்டும். கம்பளி மேல் வரி போட்டார் எட்வர்ட். ஃப்ளாரன்ஸின் பார்தி, பெருஸ்ஸி வங்கிகளிடம் கடனும் வாங்கினார். ஒழுங்காகத் திருப்பித் தரவில்லை. 1340களில் அந்த வங்கிகள் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 1360இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் பிரெதின்யி ஒப்பந்தம். ராஜாக்களுக்குச் சமாதானம், கூலிப்படையாளுக்கு வேலை போயிற்று. வேலை போனவன் கையில் வாள் இருந்தால் என்ன செய்வான்? அந்த டிசம்பரிலேயே அப்போது போப்பாண்டவர் இருந்த அவிஞ்ஞோன் பக்கத்தில் போன்-சான்-எஸ்பிரி என்ற ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். போப்பாண்டவரே பணம் கொடுத்து அவர்களை அனுப்பவேண்டியிருந்தது.

ஜான் ஹாக்வுட் அந்தக் காலத்து ஆள். எஸ்ஸெக்ஸில் பிறந்து, இத்தாலிக்குப் போய், காசு கொடுத்த நகரத்துக்கெல்லாம் சண்டை போட்டவர். ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் இடதுபக்கச் சுவரில் ஓவியர் உச்செல்லோ வரைந்த அவர் படத்தைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை. வெண்கலச் சிலை போலத் தெரியவேண்டும் என்று எல்லாம் பச்சை வண்ணத்தில். குதிரை ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் தூக்கி வைத்திருக்கிறது. நிஜக் குதிரை அப்படி நடந்தால் விழுந்துவிடும் என்று ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி பின்னாளில் குறை சொன்னார். ஹாக்வுட் உயிரோடிருக்கும்போதே சலவைக்கல்லில் சமாதி கட்டித்தருவதாகச் சொன்னது அந்த நகரம். 1394இல் செத்தார். 1436இல் சுவரில் படம் வரைந்து கணக்கை முடித்தார்கள். சிக்கனமான ஊர்!

நின்று பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 1377இல் செசேனா நகரத்தில் ஆயிரக்கணக்கான மக்களை வெட்டிக் கொன்ற படைகளில் இவருடைய ஆட்களும் உண்டு. உத்தரவு போட்டவர் ஒரு கார்டினல். அடுத்த வருடம் அவரையே ஒரு தரப்பு போப்பாகத் தேர்ந்தெடுத்தது. உங்கள் விளையாட்டில் செசேனா வருகிறதா, கே.? வராது. அங்கே எல்லாப் படைக்கும் சம்பளம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தச் சம்பளமில்லாக் கூட்டங்களால் அதிகம் சீரழிந்தது பிரான்ஸ். 1445இல் ஏழாம் சார்லஸ் அவர்களில் தேறியவர்களைப் பொறுக்கியெடுத்து நிரந்தரப் படையாக்கினார், மற்றவர்களைக் கலைத்தார். சம்பளம் குடியானவன் கட்டும் வரியிலிருந்து. அந்தப் படையின் நடுநாயகம் யார் தெரியுமா? உங்கள் நண்பன் ஒழிந்துபோனதாகச் சொல்லும் கவசக் குதிரைவீரன். அவன் எங்கும் போய்விடவில்லை, மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டான். மிலான் கொல்லர்கள் பிரமாதமான தகட்டுக் கவசங்களை அடித்ததும் பீரங்கி முழங்கிய அதே 15ஆம் நூற்றாண்டில்தான். இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பீரங்கியைக் கேட்டீர்கள் அல்லவா? 1453 ஜூலை 17, பிரான்ஸின் காஸ்தியோன். அகழி வெட்டி, மண்மேடு போட்டு, பீரங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்த பிரெஞ்சுப் பாசறை மேல் ஆங்கிலத் தளபதி டால்பட் நேரே பாய்ந்தார். அங்கேயே செத்தார். இங்கிலாந்தும் பிரான்ஸும் போட்ட நூறாண்டுப் போர் கிட்டத்தட்ட அன்றோடு முடிந்தது. அந்தப் பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜான் பியூரோ பெரிய பிரபு வம்சத்தவர் அல்ல. பத்து வருடம் முன்பே ராஜாவின் கஜானாவைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட பொருளாளர். எங்கே வரி வருகிறது, யாருக்குக் கூலி பாக்கி என்று தெரிந்த மனிதர். அவரைப் பற்றி ஒரு காணொளி கிடைத்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்.